மேல் வீட்டுத் தண்ணீர், கீழ் வீட்டுச் சுவர்: பணம் கொடுக்க வேண்டியது யார்?

கேள்வி, அக்டோபர் 18

பெரம்பூரில் மூன்று மாடிக் குடியிருப்பு, பன்னிரண்டு வீடுகள், கொஞ்சம் பழைய கட்டடம். நாங்கள் முதல் மாடி. பாத்ரூம் மேற்கூரையில் ஓதம் அடித்து, இப்போது சொட்டவே ஆரம்பித்துவிட்டது. பக்கத்துப் படுக்கையறைச் சுவரிலும் உப்புப் பூத்து பெயின்ட் உரிகிறது. மேல் வீட்டுக்காரரிடம் சொன்னால், "ஒழுகுவது உங்க சீலிங்தானே சார், நீங்களே வாட்டர்ப்ரூஃபிங் பண்ணிக்குங்க" என்கிறார். அசோசியேஷன் செயலாளரோ, "இது ரெண்டு வீட்டு விவகாரம், எங்களை இழுக்காதீங்க" என்கிறார். உண்மையில் யார் செலவு செய்ய வேண்டும்?

அக்டோபர் 18, இரவு

தண்ணீர் எந்தக் குழாயிலிருந்து வருகிறது, அந்தக் குழாய் யாருக்காக ஓடுகிறது என்று பாருங்கள். அவர்தான் செலவு செய்ய வேண்டும். தண்ணீர் விழும் இடம் யாருடையது என்பதற்கு இதில் வேலையே இல்லை. ஒரு வீடு மட்டும் பயன்படுத்தும் குழாய், டைல்ஸ் தரை, நானி ட்ராப் (தரைத் தண்ணீர் வெளியேறும் வாய்), சிங்க் என்றால் அந்த வீட்டுச் சொந்தக்காரர். பல வீடுகளுக்குப் பொதுவாக மேலிருந்து கீழே இறங்கும் குழாய், மொட்டை மாடி, வெளிச்சுவர், மேல்நிலைத் தொட்டி என்றால் அசோசியேஷன், அதாவது நீங்கள் உட்பட எல்லோரும்.

மேல் வீட்டுக்காரர் சொல்லும் வைத்தியம் பலிக்காது. கீழிருந்து சீலிங்கில் கெமிக்கல் பூசினால் சொட்டுவது சில நாள் கண்ணில் படாது. தண்ணீர் தளத்துக்குள்ளேயே தங்கி, வேறு பக்கம் வழி தேடிக்கொண்டு, உள்ளே இருக்கும் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். துரு பிடித்த கம்பி பருக்கும். பருத்த கம்பி தன்னை மூடியிருக்கும் கான்கிரீட்டைத் தள்ளி உடைக்கும். காரை பெயர்ந்து கம்பி தெரிகிற சீலிங்குகளில் பல இப்படி வந்தவைதான். அடைக்க வேண்டியது மேலே.

செயலாளர் சொல்வதையும் ஏற்க முடியாது. எங்கிருந்து வருகிறது என்று யாரும் பார்க்காதபோது, இது இரண்டு வீட்டு விவகாரம் என்று அவருக்கு எப்படித் தெரியும்?

அக்டோபர் 19

நேற்றே எழுதியிருக்க வேண்டிய அவசரம் ஒன்று. சொட்டும் இடத்துக்குப் பக்கத்தில் லைட் பாயின்ட், எக்ஸாஸ்ட் ஃபேன், கீசர் இருந்தால் அந்த சர்க்யூட்டின் எம்.சி.பி.யை (மெயின் பெட்டியில் இருக்கும் சுவிட்சை) அணைத்து வையுங்கள். யார் பணம் கொடுப்பது என்ற பேச்செல்லாம் அதற்கு அப்புறம். ஈரச் சுவரில் கை வைத்து "ஷாக் அடிக்கிற மாதிரி இருக்கு" என்று வீட்டில் யாராவது சொன்னால் ஒரு நாளும் தள்ளாதீர்கள், எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

அக்டோபர் 21

எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிப்பது எப்படி என்று இருவர் கேட்டிருக்கிறார்கள். எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். எனக்கு எல்லாம் விளங்கியது அதில்தான்.

மேற்கு மாம்பலத்தில் எங்களுடையதும் முதல் மாடி. பாத்ரூம் சீலிங்கில் ஒழுகல். பார்க்க வந்தவர் எல்லோரும், கொத்தனார் உட்பட, மேல் வீட்டு பாத்ரூம் தரைதான் போயிருக்கிறது என்றார்கள். மேல் வீட்டு அம்மா வயதானவர், தங்கமானவர். "என் வீட்டுத் தண்ணி உங்களுக்குக் கஷ்டம் குடுக்கக் கூடாதுப்பா" என்று சொல்லி, டைல்ஸை எல்லாம் உடைத்துப் புதிதாகப் போட ஆள் பேசிவிட்டார். நான்தான் கொஞ்சம் பொறுங்கள் என்றேன். எங்கள் தெருவில் வேலை செய்யும் பழைய பிளம்பர் ஒருவர் சொன்ன வரிசையில் சோதித்துப் பார்த்தோம்.

முதலில், எப்போது சொட்டுகிறது என்று குறித்துக்கொண்டோம். இரவு பகல் என்று இல்லாமல் ஒரே சீராகச் சொட்டினால், எப்போதும் அழுத்தத்தில் இருக்கும் நல்ல தண்ணீர்க் குழாயைச் சந்தேகிக்கலாம். யாராவது குளித்த பிறகு அதிகமாகி, அப்புறம் குறைந்தால் கழிவு போகும் பக்கம். மழை பெய்தால் மட்டும் என்றால் மாடி அல்லது வெளிச்சுவர்.

அடுத்து, மேல் வீட்டு பாத்ரூமுக்கு வரும் வால்வை இரவு முழுக்க மூடினோம். சொட்டு நிற்கவில்லை. நல்ல தண்ணீர்க் குழாய் மேல் இருந்த சந்தேகம் அப்போதே போய்விட்டது.

அதற்கப்புறம் நானி ட்ராப்பைத் துணி வைத்து அடைத்து, தரையில் இரண்டு விரல்கடை உயரத்துக்குத் தண்ணீர் நிறுத்தி, அதில் துணிக்குப் போடும் சொட்டு நீலம் கலந்தோம். இரண்டு நாள் அப்படியே விட்டோம். அந்த அம்மா தன் மகள் வீட்டுக்குப் போய்க் குளித்தார். எங்கள் சீலிங்கில் நீலம் வரவில்லை, ஒழுகலும் கூடவில்லை. ஆனால் காலையில் வழக்கமான நேரத்துக்குச் சொட்டு வேகமெடுத்தது. மேல் வீட்டில் யாருமே குளிக்காத நேரம் அது.

குளித்தது அதற்கும் மேலே, மூன்றாம் மாடியில். டக்டுக்குள் (குழாய்கள் மேலிருந்து கீழ்வரை இறங்கும் இடைவெளிக்குள்) இறங்கும் பொதுக் கழிவுக் குழாயில், இரண்டாம் மாடித் தளத்துக்குப் பக்கத்தில் ஒரு இணைப்பு விரிசல் விட்டிருந்தது. அங்கிருந்து தளத்தோடு ஓடி எங்கள் பக்கம் இறங்கியிருக்கிறது. பன்னிரண்டு வீடும் பங்கு போட்டு அதை மாற்றினோம். டைல்ஸை உடைத்திருந்தால் அந்த அம்மாவின் பணம் போயிருக்கும், ஒழுகலும் நின்றிருக்காது.

அதனால்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்: பணத்தைப் பற்றிப் பேசும் முன் சோதனை. அதுவும் இரண்டு வீட்டாரும், அசோசியேஷன் ஆள் ஒருவரும் கூட இருந்து செய்யும் சோதனை. நீங்கள் தனியாக ஒரு ஆளைக் கூட்டி வந்து எழுதி வாங்கும் ரிப்போர்ட்டை மேல் வீட்டுக்காரர் ஏன் நம்ப வேண்டும்?

அக்டோபர் 22

நீலத்தைப் பற்றி ஒரு பொறியாளர் இப்படி எழுதியிருப்பது நியாயம்: நிறம் கீழே வந்தால் அது உறுதியான சாட்சி. வராததை மட்டும் வைத்து மேல் வீட்டை விடுவிக்க முடியாது. வழியில் இருக்கும் செங்கல் ஜல்லியும் மணலும் நிறத்தைப் பிடித்துக்கொள்ளும். எங்கள் விஷயத்திலும் தீர்ப்புச் சொன்னது நேரம்தான், நீலம் அல்ல.

அதே காரணத்துக்காக, சங்கன் தளம் உள்ள வீடுகளில் இரண்டு நாள் போதாமல் போகலாம். தெரியாதவர்களுக்கு: பாத்ரூம் தளத்தை மற்ற அறைகளைவிடத் தாழ்வாகப் போட்டு, அந்தப் பள்ளத்தில் குழாய்களை ஓடவிட்டு, செங்கல் ஜல்லி கொட்டி நிரப்பி, மேலே டைல்ஸ் ஒட்டுவார்கள். டைல்ஸ் இடுக்கு வழியாகவோ ட்ராப்பின் ஓரம் வழியாகவோ இறங்கும் தண்ணீர் அந்தப் பள்ளத்தில் தொட்டி மாதிரி தேங்கி நிற்கும். பள்ளம் நிறைந்த பிறகுதான் கீழ் வீட்டுக்குத் தெரியவே தெரியும். மேல் வீட்டுக்காரர் "நேத்து வரைக்கும் ஒண்ணும் இல்லையே, திடீர்னு எப்படி?" என்று கேட்பது பொய்யில்லை, அவருக்கு உண்மையிலேயே தெரியாது. பழுது பார்த்து முடித்த பிறகும் பல நாள் சொட்டிக்கொண்டே இருப்பதும் இதனால்தான். உடனே "வேலை சரியில்லை" என்று சண்டைக்குப் போகாதீர்கள். நாளுக்கு நாள் குறைகிறதா என்று மட்டும் கவனியுங்கள்.

அக்டோபர் 26

"சட்டத்தில் எங்கே எழுதியிருக்கிறது?" என்று கேட்கிறார்கள். மேல் வீட்டுக் குழாய் ஒழுகினால் இன்னார் இவ்வளவு கொடுக்க வேண்டும் என்று ஒரே வரியில் தீர்த்து வைக்கும் சட்டம் எதையும் நான் காட்டப் போவதில்லை. மூன்று இடங்களிலிருந்து எடுத்துக் கோர்க்க வேண்டியிருக்கிறது.

ஒன்று, அடுக்குமாடிச் சட்டம். 1994ஆம் ஆண்டுச் சட்டம் போய், 2022ஆம் ஆண்டின் தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம் 2024 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. எது தனி வீடு, எது பொதுப் பகுதி என்ற பிரிவு அதிலிருந்து வருகிறது. அஸ்திவாரம், தூண், உத்திரம், பிரதான சுவர், கூரை இவையெல்லாம் பொது. பொதுவானதைப் பராமரிக்கும் செலவு எல்லோருடையது.

இரண்டு, உங்கள் விற்பனைப் பத்திரமும் அசோசியேஷன் பைலாவும் (சங்க விதிகள்). நிறையப் பேர் இவற்றைப் பிரித்தே பார்ப்பதில்லை. பத்திரத்தில் உங்கள் யூ.டி.எஸ்., அதாவது மனையில் உங்களுக்குள்ள பிரிக்கப்படாத பங்கு, இருக்கும். பொதுச் செலவை அந்த விகிதத்தில் போடுவதா, சதுர அடிக்குப் போடுவதா, சமமாகவா என்பது பைலாவில் இருக்கும். பெட்டியிலிருந்து எடுத்து ஒரு முறை முழுக்கப் படியுங்கள்.

மூன்று, தன் இடத்திலிருந்து கிளம்பும் ஒன்று பக்கத்தவர் வீட்டுக்குச் சேதம் செய்யாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற பழைய பொதுக் கடமை. ஒழுகலைத் தெரிந்தும் ஒருவர் சும்மா இருந்தால் சிவில் நீதிமன்றத்தில் அவரைக் கேட்பது இந்த அடிப்படையில்தான். "தெரிந்தும்" என்பதைக் கவனியுங்கள். அவருக்குத் தெரியும் என்று காட்ட உங்கள் கையில் காகிதம் வேண்டும். படிக்கட்டில் பார்த்துச் சொன்னது கணக்கில் வராது. படத்தோடு வாட்ஸப்பில் ஒரு செய்தி, மின்னஞ்சலில் ஒன்று, அசோசியேஷனுக்கு நகல். மரியாதையாகவே எழுதுங்கள், ஆனால் எழுதுங்கள்.

அக்டோபர் 29

சிங்கப்பூரில் இருக்கும் நண்பர் எழுதியதைப் படித்ததும், 18ஆம் தேதி நான் சொன்னதை விரித்துப் பார்க்கத் தோன்றியது.

அங்கே தனியார் அடுக்குமாடிகளுக்கான சட்டத்தில், கீழ் வீட்டுச் சீலிங்கில் ஈரம் தெரிந்தால், வேறு காரணம் நிரூபிக்கப்படும் வரை அது மேலிருந்துதான் வருகிறது என்று எடுத்துக்கொள்கிறார்கள். அதாவது மேலே இருப்பவர்தான் "என்னுடையது இல்லை" என்று காட்ட வேண்டும். நம் ஊரில் கீழே நனைபவர் தலையில்தான் நிரூபிக்கும் பாரம். மேல் வீட்டுக்காரர் கதவைத் திறக்காவிட்டால் நிரூபிக்கவும் வழியில்லை. இந்த ஒரு விஷயத்தில் அவர்களுடைய ஏற்பாடு எனக்கு மிகவும் நியாயமாகப் படுகிறது. நாம் பைலாவில் எழுதிக்கொள்ளலாமே?

அங்கே அரசு கட்டிய வீ.வ.க. (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளில் வழக்கம் வேறு. இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருக்கும் தளத்துக்கு இருவருமே பொறுப்பு என்று செலவைப் பகிரச் சொல்கிறார்கள். நம் ஊரிலும் மேஸ்திரிகள் "ஆளுக்குப் பாதி போட்டு முடிச்சிடுங்க சார்" என்பார்கள். அது சமாதானத்துக்கு நல்லது, எப்போதும் நியாயம் என்று சொல்ல மாட்டேன். மேல் வீட்டுக்காரர் ஐந்து வருடமாக டைல்ஸ் இடுக்கைக் கவனிக்காமல் விட்டதற்கு, கீழே குடை பிடித்துக் குளித்தவர் ஏன் பாதி கொடுக்க வேண்டும்? கட்டடம் பழையது, தளமே நைந்திருக்கிறது, யார் மேலும் தப்பு சொல்ல முடியாது என்றால் பாதிப் பாதி சரி. அப்போதும், தளம் பொதுப் பகுதியில் வருகிறதா என்று பார்த்து அசோசியேஷனையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மும்பைப் பக்கத்துக் கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கங்களின் மாதிரி விதிகளில் மழைநீர் ஒழுகல், வெளியே போகும் பொதுக் குழாய், கழிவுக் குழாய் இவற்றின் ஒழுகல் எல்லாம் சங்கத்தின் செலவு என்று எழுதியே வைத்திருக்கிறார்கள். எழுதியிருப்பதால் பாதிச் சண்டை அங்கேயே முடிந்துவிடுகிறது.

நவம்பர் 2

"பழுதைச் சரி செய்வது அவர் பொறுப்பு, ஒப்புக்கொண்டார். என் சீலிங், பெயின்ட், கபோர்டு?" என்று வேளச்சேரியிலிருந்து ஒரு கேள்வி. சிக்கலான இடம் இது.

எங்கள் சமையலறை சிங்க் குழாய் ஒரு முறை சுவருக்குள் விட்டுப்போய்க் கீழ் வீட்டு அடுப்பு மேடைச் சுவரை நனைத்துவிட்டது. குழாயை அன்றே மாற்றினோம். கீழ் வீட்டு அண்ணாவும் அண்ணியும் ஒரு வார்த்தை கடுமையாகப் பேசவில்லை. எவ்வளவு கொடுப்பது என்று மூவரும் உட்கார்ந்து பேசினோம். பெயர்ந்த பூச்சைக் கொத்தி மறுபடி பூசுவது, அந்தச் சுவர் முழுக்கப் புட்டி, பெயின்ட், இவை எங்கள் செலவு. ஒரு சுவரில் நனைந்த பகுதிக்கு மட்டும் பெயின்ட் அடித்தால் திட்டுத் திட்டாகத் தெரியும், அதனால் முழுச் சுவர். மற்ற மூன்று சுவர்களையும் அதே நிறத்தில் அடிக்க அண்ணி விரும்பினார், அதை அவர்களே செய்துகொண்டார்கள். சுவரோடு இருந்த பிளைவுட் கபோர்டு அடிப்பாகம் ஊறிப்போயிருந்தது. பழைய கபோர்டு. அதே மாதிரி புதிதாகச் செய்ய ஆகும் விலையில் பாதி கொடுத்தோம்.

அதிலிருந்து எனக்குப் பிடிபட்ட அளவு இதுதான்: முன்பு எப்படி இருந்ததோ அந்த நிலைக்குக் கொண்டுவரக் கடமை உண்டு, அதைவிட உசத்தியாக்கக் கடமை இல்லை. பத்து வருடம் பெயின்ட் பார்க்காத வீட்டுக்கு ராயல் பெயின்ட் கேட்பது நியாயமில்லை. போன தீபாவளிக்குத்தான் அடித்தது என்றால் அதே தரத்தில் அடித்துக் கொடுப்பதுதான் நியாயம்.

ஃபால்ஸ் சீலிங் போட்டவர்களுக்குத் தனியாக ஒன்று. பாத்ரூமிலும் சமையலறையிலும் அதைப் போட்டால், ஒழுகல் மாதக்கணக்கில் கண்ணில் படாது. ஜிப்சம் பலகை ஊறித் தொங்கும்போதுதான் தெரியும். அதற்குள் மேலே கம்பி வரை சேதம். அவசியம் போட வேண்டும் என்றால், குழாய் இணைப்புக்குக் கீழே திறந்து பார்க்க ஒரு கதவாவது வையுங்கள். அப்படி மூடிவைத்ததால் பெருகிய சேதத்தையும் மேல் வீட்டுக்காரர் தலையில் கட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை. இதை ஏற்காதவர்கள் இங்கே நிறையப் பேர் இருப்பார்கள், எழுதுங்கள்.

நவம்பர் 3

மறந்தது: சுவர் நன்றாகக் காயும் முன் புட்டி, பெயின்ட் அடிக்க விடாதீர்கள். உள்ளே ஈரம் இருந்தால் உப்பு மறுபடி வெளியே தள்ளும். போர் தண்ணீர் உப்பாக இருக்கும் பகுதிகளில் இது இன்னும் மோசம். பணம் கொடுப்பவர் "சீக்கிரம் முடிச்சுடலாம்" என்று அவசரப்படுவார். மழைக்காலத்தில் காயவே காயாது. தொகையை எழுதி வைத்துக்கொண்டு வேலையைத் தை மாதத்துக்குத் தள்ளுங்கள்.

நவம்பர் 9

எதிர்பார்த்தபடி மழையோடு மொட்டை மாடிக் கேள்விகள் வந்துவிட்டன. மேல்மாடி வீட்டில் ஒழுகுகிறது, தரைத்தளத்துக்காரர்கள் "எங்களுக்கென்ன, மாடியை நாங்க உபயோகிக்கிறதே இல்லை" என்று பணம் தர மறுக்கிறார்கள். கே.கே. நகர், நங்கநல்லூர், மடிப்பாக்கம், எங்கே கேட்டாலும் இதே வசனம்.

கூரை எல்லா வீட்டுக்கும் கூரை. தரைத்தளத்துக்காரர் பெயரில் உள்ள யூ.டி.எஸ். அந்த முழுக் கட்டடம் நிற்கும் மண்ணில் இருக்கிறது. மேல்தளக் கம்பி துருப்பிடித்தால் கட்டடத்தின் ஆயுள் குறைகிறது, அவர் சொத்தின் மதிப்பும் சேர்ந்து குறைகிறது. லிஃப்டில் ஏறாதவரும் லிஃப்ட் பராமரிப்பு கொடுக்கும் கட்டடங்கள் எத்தனை! மாடி விஷயத்தில் மட்டும் ஏன் இந்தப் பேச்சு?

நம் ஊர் மாடிகளில் கான்கிரீட்டுக்கு மேல் சுண்ணாம்பு கலந்த செங்கல் ஜல்லி போட்டு, அதன் மேல் தட்டோடு பதிப்பது வழக்கம். வெயிலையும் மழையையும் அது வாங்கிக்கொள்ளும். தட்டோட்டு இடுக்கில் விரிசல் விட்டால், அல்லது மழைநீர்க் குழாய் வாயில் இலை அடைத்துத் தண்ணீர் நின்றால், அந்த ஜல்லி தண்ணீரைக் குடித்து வைத்துக்கொண்டு மெல்ல இறக்கும். அதனால் ஒழுகும் இடத்துக்கு நேர் மேலே விரிசல் இருக்க வேண்டும் என்பதில்லை. சென்னைக்கு மழையின் பெரும்பகுதி அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் வந்துவிடுகிறது. மாடி வேலைக்கு நாள் ஏப்ரல், மே. இப்போது செய்யக்கூடியது அடைப்பு எடுப்பதும், தண்ணீர் தேங்காமல் பார்ப்பதும்தான். நடு மழையில் "கோட்டிங் அடிச்சுத் தரேன்" என்று வருபவரிடம் முன்பணம் கொடுக்க வேண்டாம்.

ஒரு விதிவிலக்கு. ஏ.சி. அவுட்டோர் ஸ்டாண்டுக்கோ, சோலார் பேனலுக்கோ, டிஷ்ஷுக்கோ ஒருவர் தட்டோட்டைத் துளைத்து போல்ட் அடித்து, அந்த இடத்தில்தான் இறங்குகிறது என்று தெரிந்தால், அந்தப் பகுதியைச் சரி செய்வது துளைத்தவரின் செலவு. மாடியைத் தன் பெயரில் தனியாக வாங்கி, மேலே தோட்டம் போட்டவருக்கும் இதே பொறுப்பு உண்டு என்பது என் கருத்து. அவர்களுடைய பத்திரம் என்ன சொல்கிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

நவம்பர் 16

வாடகை வீடுகள். மேல் வீட்டில் குடித்தனக்காரர், சொந்தக்காரர் கோயம்புத்தூரிலோ கலிஃபோர்னியாவிலோ. கீழே இருப்பவர் தினமும் குடித்தனக்காரரோடு மல்லுக்கு நிற்கிறார். பாவம், அவர் என்ன செய்வார்?

2017ஆம் ஆண்டின் தமிழ்நாடு வாடகைச் சட்டம் (2019இல் நடைமுறைக்கு வந்தது) இதைப் பிரித்தே வைத்திருக்கிறது. ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதாவிட்டால், கட்டடப் பழுது, தேவைப்படும்போது குழாய் மாற்றுவது எல்லாம் சொந்தக்காரர் வேலை. டேப் வாஷர் மாற்றுவது, டேப் மாற்றுவது, அடைப்பு எடுப்பது குடித்தனக்காரர் வேலை. ஆகவே சுவருக்குள் குழாய் போனதற்குக் குடித்தனக்காரரைத் திட்ட வேண்டாம். டேப்பை மூடாமல் ஊருக்குப் போய் வீடு நிரம்பி வழிந்தது என்றால் அப்போது அவரைக் கேட்கலாம்.

வெளியூர்ச் சொந்தக்காரர்களுக்கு என் வேண்டுகோள்: வாடகை வாங்க ஆள் வைத்திருக்கிறீர்கள், ஒழுகினால் கதவு திறக்கவும் ஒரு ஆளை வையுங்கள். சாவியையும் சின்னச் செலவுக்கு அதிகாரத்தையும் அவரிடம் கொடுங்கள். உங்களுக்காகக் காத்திருக்கும் வாரங்களில் கீழே ஒரு குடும்பம் பூஞ்சை வாடையில் தூங்குகிறது. எங்கள் கட்டடத்திலேயே கீழ்த்தளக் குழந்தைக்கு இருமல் நிற்காமல் அந்தப் பெற்றோர் பட்ட பாட்டைப் பார்த்திருக்கிறேன்.

நவம்பர் 23

உள்ளே விட மறுப்பவர்களைப் பற்றி. சோதனைக்கும் ஒத்துக்கொள்ளவில்லை, பதிலும் எழுதவில்லை என்றால் என்ன செய்வது?

அசோசியேஷன் மூலம் ஒரு கடிதம், அப்புறம் வழக்கறிஞர் நோட்டீஸ். நோட்டீஸ் போனதுமே கதவு திறப்பது பல இடங்களில் நடக்கிறது. அதற்கும் மசியாவிட்டால், வழக்குப் போடும் முன்பே சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் மனுக் கொடுக்கலாம். இரண்டு பக்கத்தையும் கூப்பிட்டுப் பேசுவார்கள். கட்டணம் இல்லை. லோக் அதாலத்தில் (மக்கள் நீதிமன்றத்தில்) சமரசமாகி உத்தரவானால் அது நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமம். வீடு மாற முடியாத அண்டை வீட்டாருக்கு இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை.

கடைசியில்தான் சிவில் வழக்கு. அதில் கேட்க வேண்டியது இரண்டு: பழுதைச் சரி செய்யச் சொல்லி உத்தரவு, நடந்த சேதத்துக்கு இழப்பீடு. வீட்டைப் போய்ப் பார்த்து அறிக்கை தர நீதிமன்றம் ஒரு வழக்கறிஞர் ஆணையரை நியமிக்க முடியும், பொறியாளரைக் கூட அழைத்துச் செல்லவும் அனுமதி கேட்கலாம். மூடிய கதவுக்குச் சட்டத்தில் உள்ள சாவி அதுதான். மனுப் போடும்போதே கேளுங்கள். ஒழுகல் இன்னும் தொடர்கிறது என்றால், காலக்கெடு முடிந்துவிட்டதோ என்று பயப்பட வேண்டாம். தொடர்ந்து நடக்கும் தீங்குக்குக் காலக்கெடுவும் புதிதாகத் தொடங்கிக்கொண்டே இருக்கும் என்று 1963ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டமே சொல்கிறது.

நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாமா என்று கேட்டவருக்கு: மேல் வீட்டுக்காரர் உங்களுக்குப் பணம் வாங்கிச் சேவை செய்பவர் இல்லை, அவர் மேல் அங்கே போக முடியாது. அரைகுறையாக வேலை செய்துவிட்டுப் போன வாட்டர்ப்ரூஃபிங் ஒப்பந்தக்காரர் மேல் போகலாம், இரண்டு ஆண்டுக்குள்.

நவம்பர் 24

நோட்டீஸ், வழக்கு என்று போவதற்குப் பதிலாக "அவர் வீட்டுத் தண்ணீர் வால்வை அசோசியேஷனே மூடிவிட்டால் தானாக வழிக்கு வருவார்" என்று சிலர் எழுதியிருக்கிறார்கள். செய்யாதீர்கள். குடிதண்ணீரை நிறுத்துவது தண்டனையாகிவிடும், வழக்கு உங்கள் பக்கம் திரும்பும். குழாய் வெடித்து ஓடும்போது சேதத்தை நிறுத்த மூடுவது வேறு. அது சில மணி நேரம், அவருக்குச் சொல்லிவிட்டு.

நவம்பர் 30

இன்ஷூரன்ஸ். 2021 ஏப்ரலிலிருந்து பாரத் கிருஹ ரக்ஷா என்ற ஒரே மாதிரியான வீட்டுக் காப்பீட்டை எல்லாப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களும் தர வேண்டும் என்று ஆகியிருக்கிறது. தண்ணீர்த் தொட்டி, குழாய் வெடித்தல், நிரம்பி வழிதல் அதில் அடக்கம். ஆனால் மாதக்கணக்கில் மெல்லக் கசிந்த ஓதத்தைத் தேய்மானம் என்று ஒதுக்குவார்கள். நம்முடைய சண்டைகள் பெரும்பாலும் அந்த இரண்டாவது வகை. ஆகவே இன்ஷூரன்ஸ் இருக்கிறது என்று மேல் வீட்டுக்காரரை விட்டுவிட முடியாது. இருந்தாலும் எடுத்து வையுங்கள், வெள்ளமும் புயலும் அதில் வருகின்றன. 2015ஐயும் 2023இன் மிக்ஜாமையும் பார்த்த ஊர் இது.

டிசம்பர் 7

புது வீடு, குடிவந்து மூன்றே வருடம், அதற்குள் இரண்டு வீட்டாரும் சண்டை போடுகிறீர்கள். நிறுத்துங்கள். நீங்கள் இருவரும் சேர்ந்து பார்க்க வேண்டிய ஆள் பில்டர். ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை) சட்டத்தின் 14(3) பிரிவுப்படி, வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து ஐந்து ஆண்டுக்குள் கட்டுமானக் குறையோ வேலைத்தரக் குறையோ தெரிவித்தால், பில்டர் 30 நாளுக்குள் கட்டணமில்லாமல் சரி செய்ய வேண்டும். செய்யாவிட்டால் இழப்பீடு கேட்கலாம், எழும்பூரில் இருக்கும் ரெரா ஆணையத்தில் புகார் கொடுக்கலாம். பாத்ரூம் தரை வழியாகத் தண்ணீர் இறங்குவது வேலைத்தரக் குறை இல்லையென்றால் வேறு எது?

பில்டர்கள் சொல்லும் பதில் ஒன்று உண்டு: "நீங்க டைல்ஸ் மாத்தினீங்க, கீசருக்குச் சுவரை ஓட்டை போட்டீங்க, அதனால எங்க பொறுப்பு இல்லை." ஆகவே ஐந்து ஆண்டு முடியும் வரை பாத்ரூமில் கை வைக்கும் முன் இருந்த நிலையைப் படம் எடுத்து வையுங்கள். நாலரை ஆண்டில் கட்டடம் முழுக்க ஒரு பொறியாளரை வைத்துப் பார்த்து, குறைப் பட்டியலை எழுத்தில் கொடுத்துவிடுங்கள்.

டிசம்பர் 14

பைலாவில் என்ன எழுதுவது என்று பலர் கேட்டதால், எங்கள் பொதுக்குழுவில் நாங்கள் சேர்த்ததைச் சுருக்கமாகப் போடுகிறேன். உங்கள் வழக்கறிஞரிடம் காட்டி மாற்றிக்கொள்ளுங்கள்.

"கீழ் வீட்டில் ஈரம் தெரிந்து எழுத்தில் புகார் வந்தால், ஏழு நாளுக்குள் மேல் வீட்டார் சோதனைக்கு இடம் தர வேண்டும். சோதனையில் இரு வீட்டாரும் ஒரு நிர்வாகியும் இருக்க வேண்டும். சோதனைச் செலவை முதலில் சங்கம் கொடுக்கும், பின்னர் காரணமான வீட்டிடம் வாங்கிக்கொள்ளும். பொதுக் குழாய் காரணமென்றால் அது சங்கத்தின் செலவு. சோதனைக்கு இடம் தராத வரை, காரணம் அந்த வீட்டில் இருப்பதாகவே எடுத்துக்கொள்ளப்படும். சேதமடைந்த பூச்சும் பெயின்டும் முன்பிருந்த நிலைக்குக் கொண்டுவரப்படும்."

கடைசி இரண்டு வரிகளுக்குக் கூட்டத்தில் எதிர்ப்பு இருந்தது. மேல்மாடிக்காரர் ஒருவர், தனக்கு மேலே வீடே இல்லை, இது தன்னைப் போன்றவருக்கு மட்டும் பாரம் என்றார். மாடி ஒழுகினால் சங்கம் தவணை சொல்லாமல் செய்யும் என்று அவருக்காக இன்னொரு வரி சேர்த்தோம். அதற்கப்புறம் ஒருமனதாக நிறைவேறியது.

டிசம்பர் 15

ஏழு நாள் அதிகமில்லையா என்று கேட்டவருக்கு: குழாய் வெடித்து ஓடினால் இந்தக் கெடு பொருந்தாது, அன்றைக்கே திறக்க வேண்டும். அதையும் ஒரு வரியாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். வெளியூர்ச் சொந்தக்காரர்கள் சாவி வைத்திருப்பவரின் பெயரையும் எண்ணையும் செயலாளரிடம் கொடுத்து வைக்க வேண்டும் என்பதையும் அப்படியே சேர்த்துவிடலாம். எங்கள் கட்டடத்தில் இதை ஜனவரிக் கூட்டத்தில் வைக்கிறோம்.